குளிர்கால ஜப்பான்: குடும்பத்தோடு போனால் கியோட்டோவில் தங்குங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 24 முதல் ஜனவரி 2 வரை ஜப்பான் போக நினைக்கிறீர்கள். நீங்கள், மனைவி, 12 வயது மகள், 7 வயது மகன், சுத்த சைவமான உங்கள் அம்மா. பழைய கோயில்கள், அரண்மனைகள் பார்க்க வேண்டும், அந்த ஊர்ச் சாப்பாட்டை ருசிக்க வேண்டும், அம்மா பட்டினி கிடக்கக் கூடாது. பட்டியலில் டோக்கியோ, நிக்கோ, கியோட்டோ, நாரா, ஒசாகா, மியாஜிமா என்று ஆறு ஊர்கள்.

ஊர்களைக் குறையுங்கள். டிசம்பர் கடைசியில் கியோட்டோவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அரண்மனையிலும் கோட்டையிலும் நான்கு மணிக்குள் உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். கையில் இருப்பது ஏழு மணி நேரப் பகல்தான். அதில் பெட்டி கட்டி, ரயில் ஏறி, அடுத்த ஓட்டலில் இறங்கினால் பாதி நாள் போய்விடும். கியோட்டோவில் ஒரே இடத்தில் அறை எடுத்துத் தங்குங்கள். நாரா முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது, கோயில் நகரமான இஸே இரண்டு மணி நேரத்தில். நீங்கள் தேடுகிற கோயில், அரண்மனை, சாப்பாடு மூன்றுமே இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அங்கே பல கோயில்களின் வாசலிலேயே அந்தக் கோயிலுக்கென்று ஒரு தின்பண்டம் இருக்கும், அதுவும் நூற்றாண்டுகளாக. அதனால் சாப்பாட்டுக்குத் தனியாக ஓட்டல் பட்டியல் போட்டுக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

தேதியைப் பற்றி இப்போதே சொல்லியாக வேண்டும். நீங்கள் எடுத்திருக்கும் பத்து நாளில் பின்பாதி ஜப்பானியர்களின் புத்தாண்டு விடுமுறையோடு மோதுகிறது. கியோட்டோ பேரரசர் அரண்மனை டிசம்பர் 28 முதல் ஜனவரி 4 வரை மூடியிருக்கும். நிஜோ கோட்டை டிசம்பர் 29 முதல் 31 வரை மூடல். கோட்டை திறந்திருந்தாலும் அதற்குள் இருக்கும் நினோமாரு அரண்மனைக்கு டிசம்பர் 26 முதல் 28 வரையிலும் ஜனவரி முதல் மூன்று நாளும் அனுமதி இல்லை. சின்னச் சின்னக் கடைகளும் அந்த வாரத்தில் பூட்டிவிடும். குழந்தைகளின் பள்ளியில் அனுமதி வாங்க முடிந்தால் பயணத்தைப் பொங்கல் விடுமுறையை ஒட்டித் தள்ளி வையுங்கள். கூட்டம் குறையும், ஓட்டல் வாடகை இறங்கும், எல்லாக் கதவும் திறந்திருக்கும். அதோடு ஜனவரி 15-ஐ ஒட்டிப் பல கோயில்களில் புத்தாண்டு அலங்காரங்களைக் குவித்து எரிப்பார்கள். நம் போகியை நேரில் பார்ப்பது போலவே இருக்கும். அன்று சிவப்புப் பயறு போட்ட கஞ்சி குடிப்பதும் பழைய வழக்கம். அந்தத் தேதிக்கு அருகில் வரும் ஞாயிறன்று சன்ஜூசன்கென்தோ என்ற பௌத்தக் கோயிலில் இருபது வயதை எட்டிய இளைஞர்களும் பெண்களும் கிமோனோ உடுத்தி வில் பிடிப்பார்கள்.

அந்தக் கோயிலை உங்கள் அம்மாவுக்காகவே பட்டியலில் சேர்க்கச் சொல்வேன். 1266-ல் திரும்பக் கட்டிய, சுமார் 120 மீட்டர் நீளமுள்ள மர மண்டபம் அது. உள்ளே கருணையின் தெய்வமான கண்ணோனுக்கு 1001 சிலைகள், நடுவில் அமர்ந்திருக்கும் ஒன்றின் இருபுறமும் மற்றவை வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள், பெரும்பாலும் இந்தியாவிலிருந்து சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவை. இறக்கையோடு நின்று புல்லாங்குழல் ஊதும் கருடனை அம்மாவிடம் காட்டுங்கள். யாரென்று நீங்கள் சொல்வதற்குள் அவரே சொல்லிவிடுவார்.

தேதியை மாற்றவே முடியாது என்றாலும் கவலை வேண்டாம், வரிசையை மாற்றிக்கொண்டால் போதும். இறங்கிய மறுநாளே, அதாவது 25-ஆம் தேதியே, நிஜோ கோட்டைக்குப் போய்விடுங்கள். டிசம்பர், ஜனவரியில் செவ்வாய்க்கிழமைகளில் நினோமாருவுக்குள் விடமாட்டார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பேரரசர் அரண்மனையையும் 27-க்குள் முடித்துவிடுங்கள். அங்கே திங்கள் விடுமுறை. டிசம்பர் 31 இரவு யசகா கோயிலுக்குப் போங்கள். ஒகேரா என்ற மூலிகை வேரைச் சேர்த்து எரியும் புனிதத் தீயிலிருந்து மக்கள் ஒரு கயிற்றில் நெருப்பு ஏற்றிக்கொள்வார்கள். அது அணையாமல் இருக்கக் கயிற்றைச் சுழற்றிக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்கள். அந்த நெருப்பில் அடுப்பு மூட்டிப் புத்தாண்டின் முதல் உணவைச் சமைப்பது வழக்கம். கோயில் நெருப்பு வீட்டு அடுப்புக்குப் போகிற அந்தக் காட்சியை வேறெந்த மாதத்திலும் பார்க்க முடியாது. இதற்காக டிசம்பரையே வைத்துக்கொள்கிறோம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் நான் தடுக்க மாட்டேன்.

அந்த முதல் உணவின் பெயர் ஓசோனி. வேகவைத்த ஒட்டரிசியை இடித்துச் செய்யும் மோச்சி மிதக்கும் சூப். டோக்கியோ பக்கம் தெளிவான ரசத்தில் சதுர மோச்சி போடுவார்கள். கியோட்டோவில் மிசோ என்ற புளித்த சோயா விழுதில், இனிப்பான வெள்ளை வகையில், வட்ட மோச்சி, கூடவே சேப்பங்கிழங்கு வகைக் கிழங்கு ஒன்று. மோச்சி தொண்டையில் ஒட்டும். அம்மாவுக்கும் மகனுக்கும் சின்னதாக வெட்டிக் கொடுங்கள், நன்றாக மென்று விழுங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு புத்தாண்டிலும் ஜப்பானில் முதியவர்களுக்கு மோச்சி அடைத்து உயிர்ச்சேதம் நடக்கிறது.

சரி, அரண்மனைகள். கியோட்டோவில் இரண்டையும் பாருங்கள், அடுத்தடுத்துப் பாருங்கள். 794-ல் தலைநகரான கியோட்டோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை பேரரசர் இருந்தார். நாட்டை உண்மையில் ஆண்டது பல நூற்றாண்டுகளாக ஷோகன் என்ற படைத்தலைவர்கள். இந்த விசித்திரமான ஏற்பாட்டை இரண்டு கட்டடங்களும் கண்ணெதிரே காட்டிவிடும். பேரரசர் அரண்மனை பலமுறை எரிந்து, 1855-ல் பழைய பாணியிலேயே திரும்பக் கட்டியது. கட்டணம் இல்லை, முன்பதிவும் வேண்டாம். ஹினோகி மரப்பட்டையை அடுக்கி வேய்ந்த கூரை, வெள்ளைச் சரளைக்கல் முற்றம், பட்டமேற்பு நடந்த ஷிஷின்தென் மண்டபம், அதன் முன்னால் ஒரு பக்கம் செர்ரி மரம், மறுபக்கம் தச்சிபானா என்ற நாரத்தை வகை. அவ்வளவுதான். தங்கம் இல்லை, வைரம் இல்லை. கட்டடங்களுக்குள் விடமாட்டார்கள், வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் போதும்.

அங்கிருந்து நிஜோ கோட்டை பக்கம்தான். ஷோகன் தோக்குகவா இயேயாசு 1603-ல் கட்டியது. நினோமாரு அரண்மனைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே நடக்கலாம். நடக்கும்போது தரை குருவி போலக் கீச்சிடும். பலகைக்கு அடியில் இருக்கும் இரும்புப் பிடிப்பும் ஆணியும் உரசுவதால் வரும் ஒலி அது. உங்கள் மகன் அதிலேயே அரை மணி நேரம் இருப்பான். வந்தவர்கள் காத்திருக்கும் அறைகளில் தங்கப் பின்னணியில் புலிகளும் சிறுத்தைகளும். ஜப்பானில் புலி கிடையாது. தோலைப் பார்த்தே வரைந்த ஓவியர்கள் சிறுத்தையைப் பெண் புலி என்று நினைத்துச் சேர்த்து வரைந்தார்கள். ஷோகனின் அதிகாரத்தைப் பார்த்து வந்தவன் நடுங்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அதெல்லாம். கடைசி ஷோகன் யோஷினோபு ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பிக் கொடுக்கப்போவதாக 1867-ல் தன் ஆட்களுக்குத் தெரிவித்ததும் இதே அரண்மனையில்தான். மகளுக்கு இந்தக் கதையைப் போகும் முன்பே சொல்லி வையுங்கள், அந்தப் பெரிய அறையில் நிற்கும்போது அவளுக்கு அதன் எடை புரியும். உள்ளே சூடேற்றும் வசதி இல்லை. தரை பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருக்கும், ஆளுக்கு இரண்டு ஜோடி தடித்த சாக்ஸ் கட்டாயம்.

கத்சுரா மாளிகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அற்புதமான இடம், ஆனால் பேரரச இல்ல அலுவலகத்தில் விண்ணப்பித்துப் போக வேண்டும், சிறு குழந்தைகளை அனுமதிப்பதில்லை. இந்தப் பயணத்துக்கு அதை விட்டுவிடுங்கள்.

அரண்மனைக்கு வடக்கே, இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில், ஷிமோகமோ கோயில். ஊருக்கு நடுவே பழங்காடு ஒன்றை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், அதன் வழியே நடந்துதான் சன்னதிக்குப் போக வேண்டும். இலை உதிர்ந்த மரங்களும் சத்தமில்லாத பாதையுமாகக் குளிர்காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். மித்தராஷி தாங்கோ என்ற பண்டம் இந்தக் கோயில் குளத்தில் எழும் நீர்க்குமிழிகளைப் பார்த்துப் பிறந்தது என்பார்கள். அரிசி மாவு உருண்டைகளைக் குச்சியில் கோத்துச் சுட்டு, சோயாவும் சர்க்கரையும் காய்ச்சிய பாகை ஊற்றுவார்கள். வடமேற்கே இமமியா கோயில் வாசலில் அபுரி மோச்சி. கட்டைவிரல் அளவு மோச்சியை வறுத்த சோயா மாவில் புரட்டி, கரியில் வாட்டி, வெள்ளை மிசோ குழம்பில் தோய்த்துத் தருவார்கள். எதிரெதிரே இரண்டே கடைகள், அதில் ஒன்று ஆயிரம் ஆண்டுகளாக நடக்கிறது. புதன்கிழமை பெரும்பாலும் விடுமுறை. இரண்டு பண்டங்களையும் அம்மா தயங்காமல் சாப்பிடலாம்.

புஷிமி இனாரியை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். 711-ல் தொடங்கியதாகக் கருதும் அந்தக் கோயில் நாடெங்கும் உள்ள சுமார் 30,000 இனாரி கோயில்களுக்குத் தலைமை. இனாரி நெல்லின் தெய்வம், நரி அவருடைய தூதர். அதனால்தான் நரிச் சிலைகளின் வாயில் சில இடங்களில் நெற்கதிர் இருக்கும். மலை முழுவதும் சுமார் பத்தாயிரம் சிவப்புத் தோரி வாசல்கள். வேண்டுதல் நிறைவேறியவர்களும் வியாபாரிகளும் கொடுத்தவை, திரும்பி நின்று பார்த்தால் பின்பக்கம் பெயர் தெரியும். கோயிலுக்கு நேரமும் கிடையாது, கட்டணமும் கிடையாது. ஆகவே காலை ஏழு மணிக்குப் போய்விடுங்கள், ஒன்பதுக்கு மேல் நடக்க இடமிருக்காது. உச்சி 233 மீட்டர்தான், ஆனால் படிகள் அதிகம். அம்மா கீழே சன்னதியையும் முதல் தோரி வரிசையையும் பார்த்தால் போதும், மற்றவர்கள் பாதி மலையில் இருக்கும் யொத்சுத்சுஜி வரை ஏறுங்கள். கியோட்டோ முழுவதும் அங்கிருந்து தெரியும். ஜனவரி முதல் மூன்று நாள் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள், இலட்சக்கணக்கில் கூட்டம்.

ஜப்பானின் பழைய மதமான ஷின்டோவின் கோயிலில் நடந்துகொள்ளும் முறை எளிது. தோரியில் தலை தாழ்த்தி வணங்குங்கள். பாதையின் நடுப்பகுதி தெய்வத்துக்கு உரியது, ஓரமாக நடங்கள். தொட்டியில் இடக்கை, வலக்கை, வாய் என்ற வரிசையில் கழுவுங்கள். காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். ஐந்து யென் காசு ராசியானது. பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது, கை கூப்பினால் போதும்.

நாராவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். தோதாய்ஜி என்ற பௌத்தக் கோயிலின் வெண்கலப் புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். 752-ல் அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. அங்கிருந்து காட்டுப் பாதையில் நடந்தால் கசுகா தைஷா, 768-ல் எழுந்த ஷின்டோ கோயில். வழியெங்கும் பாசி படிந்த கல்விளக்குகள், உள்ளே வெண்கலத் தொங்குவிளக்குகள், மொத்தம் சுமார் 3,000. பிப்ரவரி 3 மாலை அத்தனையையும் ஏற்றுவார்கள். கோயிலின் தெய்வம் வெள்ளை மானில் ஏறி வந்ததாகக் கதை, ஆகவே ஆயிரத்துக்கு மேற்பட்ட மான்கள் ஊருக்குள் சுதந்திரமாகத் திரிகின்றன. மகன் பிஸ்கட்டைக் காட்டிக் காட்டிக் கொடுக்காமல் இழுத்தடித்தால் மான் கடிக்கும், வாங்கியதும் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கோயிலருகே உள்ள பழைய தேநீர்க் கடையில் மாதத்துக்கு ஒரு காய் போட்ட கஞ்சி கிடைக்கும், ஜனவரியில் ஏழு கீரைக் கஞ்சி. அந்தக் குளிரில் அதற்கு ஈடில்லை. கின்டெட்சு ரயிலில் வந்தால், எட்டாம் நூற்றாண்டு ஹெய்ஜோ அரண்மனை இருந்த திடலின் நடுவிலேயே ரயில் ஓடும். 2010-ல் எழுப்பிய தாய்கோக்குதென் மண்டபம் ஜன்னலில் தெரியும்.

இஸேயை உங்கள் பட்டியலில் காணவில்லை. நான் மியாஜிமாவை எடுத்துவிட்டு இஸேயை வைப்பேன். சூரிய தெய்வம் அமதெராசுவின் கோயில். இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே அளவில், அதே வகை மரத்தில் புதிதாகக் கட்டித் தெய்வத்தை இடம் மாற்றுவார்கள். கடைசியாக 2013-ல் நடந்தது 62-ஆவது முறை, அடுத்தது 2033-ல். பழைய சன்னதியின் தூண்கள் கோயிலுக்குள் நுழையும் உஜி பாலத்துத் தோரியாக மறுபடி நிற்கும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: நான்கு வேலிகளுக்குப் பின்னால் இருப்பதால் சன்னதியின் கூரை முனை மட்டுமே தெரியும், படம் எடுக்கவும் முடியாது. பார்க்க ஒன்றுமில்லையே என்று குழந்தைகள் கேட்கலாம். அவர்களை முதலில் புறக்கோயிலான கெகூவுக்கு அழைத்துப் போங்கள். அங்கே இருப்பவர் உணவின் தெய்வம் தோயோஉகே. நாள்தோறும் காலையும் மாலையும், மரத்தோடு மரம் தேய்த்து எடுத்த நெருப்பில் சமைத்து, சாதம், உப்பு, தண்ணீர், மீன், கடற்பாசி, காய், பழம், அரிசி மதுவான சாகே என்று அமதெராசுவுக்குப் படைக்கிறார்கள். சுமார் 1,500 ஆண்டுகளாக ஒருநாளும் விடாமல் நடப்பதாக நம்பிக்கை. நைவேத்தியம் என்றால் என்னவென்று தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அப்புறம் உள்கோயில், அதன் வாசல் தெருவில் 1707 முதல் நடக்கும் அகாஃபுகு கடை. சிவப்புப் பயறு விழுது பூசிய மோச்சி, குளிர்காலத்தில் அதையே சூடான பயற்றுப் பாயசமாகவும் தருவார்கள்.

இனி அம்மாவின் சாப்பாடு. பிரச்சினை இறைச்சியில் இல்லை, அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தாஷி என்ற அடிச்சாற்றில் இருக்கிறது. கட்சுவோ என்ற சூரை வகை மீனைக் காயவைத்துச் சீவி, கொதிநீரில் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. மிசோ சூப், உதோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள், வெந்த காய்கறி, முட்டைப் பொரியல், சில ஊறுகாய் எல்லாவற்றிலும் அது இருக்கும். இனாரி சூஷியில் சோயாப் பாலில் செய்த டோஃபுவை வேகவைப்பதும் அதில்தான். காய்கறி உதோன் என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். ஜப்பானியக் கறிக் குழம்புக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது சாதாரணம். ‘சைவம்’ என்று சொன்னால் மீன் சாறும் கூடாது என்று அவர்களுக்குத் தோன்றாது. ‘நிக்கு, சகனா, கட்சுவோ தாஷி தாபெமாசென்’ (இறைச்சி, மீன், கட்சுவோ சாறு சாப்பிடமாட்டேன்) என்று சொல்லுங்கள், அதையே ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி அம்மாவின் பையில் வையுங்கள்.

ஆனால் உலகத்தின் மிக நேர்த்தியான சைவச் சமையல்களில் ஒன்றும் அதே கியோட்டோவில் இருக்கிறது. ஷோஜின் ரியோரி என்ற பௌத்த மடத்துச் சமையல். இறைச்சி இல்லை, மீன் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. சாறு கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும் எடுத்தது. எள்ளை அரைத்து மாவோடு கிளறிய எள் டோஃபு, சோயாப் பாலிலிருந்து பாலாடை போல எடுத்த யூபா, கோதுமைப் பசையிலிருந்து செய்யும் ஃபூ, மிசோ தடவிச் சுட்ட கத்தரிக்காய் அல்லது முள்ளங்கி. கியோட்டோவின் மேற்கே அரஷியாமாவில், தென்ரியூஜி மடத்துக்குள் இருக்கும் ஷிகெத்சு உணவகத்தில் முன்பதிவு செய்து ஒரு மதியம் ஐந்து பேரும் சாப்பிடுங்கள். அம்மாவுக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பதாக இருக்காது, இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த சாப்பாடே அதுவாக இருக்கலாம். நன்சென்ஜி என்ற பௌத்தக் கோயில் பக்கம் யுதோஃபு கிடைக்கும், கொம்பு போட்ட வெந்நீரில் கொதிக்கும் டோஃபு. தொட்டுக்கொள்ளும் சாற்றில் மட்டும் மீன் இருக்கும், வெறும் சோயா கேளுங்கள். குளிர்காலத்தில் மட்டும் வரும் சென்மாய்சுகேயையும் தேடுங்கள். பெரிய டர்னிப்பைத் தாள் போல் சீவி, கொம்போடு ஊறவைத்த ஊறுகாய். சூடான சாதமும் அதுவும் போதும்.

மற்ற வேளைகளுக்கு, கன்வீனியன்ஸ் கடையில் பாக்கெட் சாதம் கிடைக்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப் போங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் கொண்டுபோகாதீர்கள், தாவரச் சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தெருவில் விற்கும் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு அம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் நல்ல மாலைத் தீனி. கோயில் வாசலில் கொடுக்கும் அமசாகேவில் இரண்டு வகை உண்டு. அரிசிப் பூஞ்சையில் செய்தது குழந்தைகளுக்கு ஆகும். சாகே சக்கையில் செய்ததில் கொஞ்சம் மது இருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ராமென் நூடுல்ஸ், சாற்றில் வெந்த ஓதென் எல்லாம் எங்கும் கிடைக்கும். கியோட்டோவுக்கென்று உள்ளது கானாங்கெளுத்தி சூஷி. கடல் தூரமென்பதால் வாக்கசா கரையிலிருந்து உப்பிட்ட மீனை ஆட்கள் சுமந்து கொண்டுவந்த காலத்தில் உருவான உணவு.

குளிர் ஜனவரியில் பகலில் 9 டிகிரி, விடியலில் 1 அல்லது 2. பனி சில நாட்களே விழும். ஒரு காலையில் வெளியே வெள்ளையாக இருந்தால் அன்றைய திட்டத்தை விட்டுவிட்டு நேராகக் கின்காகுஜியின் தங்க மண்டபத்துக்குப் போங்கள். உடையில் ஒட்டிக்கொள்ளும் கைரோ என்ற சூட்டுப் பொட்டலம் எந்தக் கடையிலும் கிடைக்கும், அம்மாவின் இடுப்பில் ஒன்று ஒட்டிவிடுங்கள், நேரடியாகத் தோலில் மட்டும் வேண்டாம். காலணி லேஸ் இல்லாததாக இருக்கட்டும், ஒரு நாளில் பலமுறை கழற்ற வேண்டிவரும்.

விமானத்தை ஒசாகா அருகே இருக்கும் கான்சாய் விமான நிலையத்துக்கு எடுங்கள், டோக்கியோவுக்கு வேண்டாம். கான்சாயிலிருந்து கியோட்டோவுக்கு ஹருகா ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். ஜேஆர் ரயில்களில் ஏழு நாள் பயணிக்க உதவும் ஜேஆர் பாஸின் விலை 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்தது, இந்தத் திட்டத்துக்கு அது வீண் செலவு. டோக்கியோவும் நிக்கோவும் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும். நிக்கோ குளிர்காலத்தில் கியோட்டோவைவிடக் கடுமை.

முன்பதிவை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் கியோட்டோவில் ரயில் நிலையத்துக்கு அருகே, சின்னச் சமையலறையோடு கூடிய ஓர் அறை. அடுத்து ஷிகெத்சுவில் மதியச் சாப்பாடு. பிறகு இஸே போகும் கின்டெட்சு சிறப்பு ரயில் இருக்கைகள், புத்தாண்டு வாரமென்றால் விற்பனை தொடங்கிய அன்றே. மற்றதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.